எழுதியதையே எழுதும் வேலை: பல்கலைக்கழக அலுவலகத்திடம் வணிகர் கற்க வேண்டிய பாடம்



மாதக் கடைசியில் நம் கடைகளில் நடக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். கடன் வாடிக்கையாளர்களின் பற்று வரவைக் கூட்டி நிலுவைச் சீட்டு எழுதுவது, மண்டியிலிருந்து வந்த பில்களைக் கொள்முதல் ஏட்டில் பதிவது, அதே பில்களை வரிக் கணக்குக்காக மறுபடியும் வேறொரு தாளில் பதிவது, சரக்கு இருப்பை எண்ணி எழுதுவது, சிப்பந்திகளின் முன்பணத்தைக் கழித்துச் சம்பளம் போடுவது. இவற்றில் புதிதாக யோசிக்க வேண்டியது மிகக் குறைவு. எழுதியதையே எழுதுகிறோம், கூட்டியதையே கூட்டுகிறோம். ஆனாலும் ஓர் இடத்தில் கை தவறினால் நம் கைப்பணம் போகிறது.

நம்மைவிடப் பல மடங்கு இத்தகைய வேலை உள்ள இடம் பல்கலைக்கழக அலுவலகம். விண்ணப்பம், சேர்க்கைக் கடிதம், கட்டண ரசீது, தேர்வு நுழைவுச் சீட்டு, மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் என்று ஒவ்வொரு மாணவருக்கும் அதே பெயரை, அதே எண்ணை, அதே பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். அந்த எழுத்தர்களின் சுமை எப்படி இயந்திரத்தின் தோளுக்கு மாறியது, எது மாறாமல் மனிதர் கையிலேயே நின்றது என்று அறிந்துகொண்டால், புழலில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும் செங்குன்றத்தில் அரிசி மண்டி நடத்துபவருக்கும் அது பயன்படும். அதுவே இம்மாதப் பாடம்.

கிண்டியில் நடந்தது

நம் மாநிலத்தில் பொறியியல் படிப்புக்கான ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 1997ஆம் ஆண்டு தொடங்கியது. அதைப் பல ஆண்டுகள் நடத்தியது கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகம். நம்மில் பலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போயிருப்போம். பெரிய கூடத்தில் திரை இருக்கும். எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எத்தனை இடம் மீதி என்று அதில் ஓடும். ஒரு மாணவர் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அந்த எண்ணிக்கையில் ஒன்று குறையும். அடுத்து வருபவர் குறைந்த எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்.

வணிகர் கண்ணோடு பார்த்தால் இது நம் இருப்புக் கணக்கேதான். ஒரு மூட்டை விற்றால் ஏட்டில் ஒரு மூட்டை குறைய வேண்டும். நம் கடைகளில் அந்தக் குறைப்பு இரவில்தான் நடக்கிறது, சில கடைகளில் வாரக் கடைசியில் நடக்கிறது. அங்கே அந்த நொடியே நடந்தது.

2018ஆம் ஆண்டு இந்தக் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. அவ்வாண்டு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கணிப்பொறியில் பதிவு செய்தால், தரவரிசைப்படி இடம் ஒதுக்கப்பட்டது. 2019 முதல் இப்பொறுப்பைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஏற்று நடத்தி வருகிறது.

இவ்வளவு பெரிய வேலையை இயந்திரத்திடம் எப்படி ஒப்படைக்க முடிந்தது? இயந்திரம் வேகமானது என்பதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. விதி முன்னதாகவே எழுத்தில் இருந்தது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சேர்த்து 100, ஆக 200க்கு மதிப்பெண். இருவர் சமமாக வந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார், பிறகு இயற்பியலைப் பார். அதிலும் சமம் என்றால் இன்னின்னதைப் பார், வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை கொடு. எல்லாவற்றிலும் சமமானால், விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணிப்பொறி முன்கூட்டியே ஒதுக்கிய சமவாய்ப்பு எண்ணைப் பார். யாருடைய பிள்ளை என்று தெரியும் முன்பே தீர்ப்பு எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஆகவே ‘இதில் என்ன செய்வது?’ என்று இயந்திரம் ஓரிடத்திலும் திகைத்து நிற்க வேண்டியிருக்கவில்லை.

அதே நேரம், சான்றிதழ் சரியா என்று பார்க்கும் வேலை மனிதரிடமே இருந்தது. 2018இல் மாவட்டங்களில் உதவி மையங்கள் வைத்து அலுவலர்கள் நேரில் சரிபார்த்தார்கள். 2020இல் கொரோனா காலத்தில் சான்றிதழ்களை இணையத்தில் ஏற்றச் சொன்னார்கள். அப்போதும் ஏற்றியதைப் பார்த்துச் சரி என்று சொன்னது மனிதக் கண்தான். விதிக்குள் அடங்குவதை இயந்திரத்துக்குக் கொடுத்து, விதியில் அடங்காததை அனுபவசாலிக்கு வைத்துக்கொண்டார்கள். இந்தப் பிரிவினையைத்தான் நாம் கற்க வேண்டும்.

தேநீர்க் கடைக்காரர் தந்த பாடம்

பல்கலைக்கழகத்துக்குப் பொருந்துவது பலசரக்குக் கடைக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். அலுவலகக் கணக்கு வேலைக்கு உலகில் முதன்முதலாகக் கணிப்பொறியைப் பயன்படுத்தியது ஒரு தேநீர்க் கடை நிறுவனம் என்று சொன்னால் அவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

லண்டனில் லயன்ஸ் என்ற நிறுவனம் ஏராளமான தேநீர்க் கடைகளையும் பெரிய ரொட்டிச் சாலையையும் நடத்தி வந்தது. ஒரு சிறு பில்லில் கிடைக்கும் லாபத்தைவிட அந்தப் பில்லைக் கணக்கில் ஏற்றும் செலவு கூடிவிடுமோ என்பது அவர்கள் கவலை. நமக்கும் பழக்கமான கவலைதான். 1947இல் அந்நிறுவனத்தின் அலுவலர் இருவர் அமெரிக்காவுக்குச் சென்று அலுவலக முறைகளைப் பார்த்து வந்தார்கள். தம் நாட்டிலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி ஒன்று உருவாகி வருவதை அப்பயணத்தில் அறிந்தார்கள். உடனே லயன்ஸ் அப்பல்கலைக்கழகத்துக்கு 3,000 பவுன் நன்கொடை கொடுத்தது, உதவிக்கு ஓர் ஆளையும் அனுப்பியது. கேம்பிரிட்ஜ் இயந்திரம் 1949 மே மாதம் ஓடத் தொடங்கியது. அதைப் பார்த்து லயன்ஸ் தனக்கென ‘லியோ’ என்ற கணிப்பொறியைக் கட்டியது. 1951 நவம்பரில் ரொட்டிச் சாலையின் உற்பத்தி மதிப்புக் கணக்கை அது போடத் தொடங்கியது. ஒரு தொழிலாளியின் சம்பளக் கணக்கைப் போட எழுத்தருக்கு 8 நிமிடம் பிடித்தது என்றும், லியோவுக்கு ஒன்றரை வினாடி போதுமானதாக இருந்தது என்றும் அதன் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

வேகத்தைவிட நமக்கு முக்கியமானது அவர்கள் கையாண்ட முறை. ஒவ்வொரு தேநீர்க் கடைக்கும் நாள்தோறும் வேண்டிய சரக்கின் வழக்கமான பட்டியலை ஒருமுறை இயந்திரத்தில் ஏற்றிவிட்டார்கள். கடையின் மேலாளர் அன்றாடம் முழுப் பட்டியலையும் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு எது கூட, எது குறைய என்ற மாற்றத்தை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். வழக்கத்தை இயந்திரம் நினைவில் வைத்துக்கொண்டது, மாற்றத்தை மனிதர் சொன்னார். நம் மொத்த வியாபாரிகளும் வாராவாரம் ஒரே சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைகளுக்கு இதே முறையை வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து படிகள்

பல்கலைக்கழக எழுத்தருக்கு உதவப் போகிறவரானாலும், தம் கடைக் கணக்குப்பிள்ளைக்கு உதவ விரும்பும் முதலாளியானாலும் ஏற வேண்டிய படிகள் இவைதாம்.

1. வேலையை எழுதுங்கள். ஒரு வாரம் அந்த வேலையைச் செய்பவரே, எதை எடுத்தார், எதைப் பார்த்தார், எங்கே எழுதினார், எவ்வளவு நேரம் ஆனது என்று குறிக்கட்டும். முதலாளி நினைப்பது ஒன்றாகவும் நடப்பது வேறாகவும் இருப்பது இதில்தான் வெளிச்சமாகும். நாற்பது கடன் கணக்குக்குக் கணக்கு ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால், நிலுவைச் சீட்டு எழுதவே இரண்டு மணி நேரம் போகிறது.

2. ஒரு செய்தியை ஒரே இடத்தில் எழுதுங்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர் சேர்ந்ததும் ஒரு பதிவெண் கொடுக்கிறார்கள். நுழைவுச் சீட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் பட்டத்திலும் அந்த எண்ணே வருகிறது. ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும் குழப்பமில்லை. நம் பேரேட்டில் ‘முத்து’, ‘முத்து அண்ணாச்சி’, ‘டீக்கடை முத்து’ என்று மூன்று பக்கம் இருக்கும். மூவரும் ஒருவரா, மூவரா என்பது கணக்குப்பிள்ளைக்கு மட்டுமே தெரியும். வாடிக்கையாளருக்கு ஓர் எண், சரக்குக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு கடிதம் ஒன்று, பட்டியல் ஒன்று என்று வைத்து, நாற்பது பேருக்கும் பெயரும் பாக்கியும் மாற்றி மாற்றிப் போட்ட சீட்டுகளைச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். பல்கலைக்கழகங்கள் ஆயிரக்கணக்கான சேர்க்கைக் கடிதங்களை அனுப்புவது இந்த வழியில்தான்.

3. விதியை எழுதுங்கள். செங்குன்றம் அரிசியே நல்ல உதாரணம். முன்கூட்டியே கட்டி விவரம் அச்சிட்ட 25 கிலோ வரையிலான அரிசிச் சிப்பத்துக்கு 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடு வரி. அதற்கு மேற்பட்ட 26 கிலோ சிப்பத்துக்கு வரி இல்லை. மனிதர் பார்த்ததும் புரிந்துகொள்வார். இயந்திரத்துக்கு இரண்டும் ‘அரிசி’ என்ற ஒரே பெயராக இருந்தால், ஒன்றில் கட்ட வேண்டிய வரியை விடுவோம், இல்லையேல் மற்றொன்றில் வேண்டாத வரியை வாங்குவோம். இரண்டுக்கும் தனி எண், தனி விதி வேண்டும். விதி மாறினால் இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டியதும் நாம்தான். 2025 செப்டம்பர் 22 அன்று குளியல் சோப்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் ஆகியவற்றின் வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகவும், நெய், வெண்ணெய் ஆகியவற்றின் வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகவும் குறைந்தது. பழைய விகிதம் பதிந்திருந்த இயந்திரத்தை யாரும் திருத்தாவிட்டால், அது அன்று காலையும் பழைய பில்லையே கூசாமல் அச்சடித்திருக்கும்.

4. எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். விடைத்தாள் கட்டு வந்தால், உள்ளே எத்தனை தாள் என்று மேலே எழுதியிருப்பார்கள். மதிப்பெண் ஏற்றி முடித்ததும் அத்தனை மதிப்பெண் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்தது சான்று. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை கொரோனா உறுதியான 15,841 பேரின் விவரம் அரசின் அன்றாடக் கணக்கில் சேராமல் போயிற்று. பயன்படுத்திய பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. கொள்ளாததை அது வெளியே விட்டது, விட்டேன் என்று சொல்லவும் இல்லை. ஆகவே இன்று கொடுத்த பில் எத்தனை, இயந்திரத்தில் ஏறியது எத்தனை, கல்லாவில் உள்ள பணம் எவ்வளவு என்று மூன்றையும் இரவில் ஒப்பிடாமல் கடையைச் சாத்தக் கூடாது.

5. இரண்டையும் சேர்த்து நடத்துங்கள். குறைந்தது ஒரு முழு மாதம் பழைய பேரேடும் ஓடட்டும், புதிய முறையும் ஓடட்டும். மாதக் கடைசி ஐந்தொகையில் இரண்டும் ஒரே தொகையைக் காட்டிய பிறகே பழையதை நிறுத்த வேண்டும். தீபாவளி, பொங்கல் நேரத்தில் மாற்றம் தொடங்கக் கூடாது. கணக்கின் பிரதி ஒன்றைக் கடைக்கு வெளியே வைக்க வேண்டும். கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக் கூடாது.

ஆறு நாளில் முடிக்க வேண்டிய வேலை

எதை முதலில் மாற்றுவது? ஜி.எஸ்.டி. கொள்முதல் ஒப்பீட்டை முதலில் மாற்றுங்கள் என்பதே நம் யோசனை. 2022 ஜனவரி 1 முதல், சரக்கு விற்றவர் தம் கணக்கில் காட்டி, அது நம் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலில் வந்தால்தான் உள்ளீட்டு வரியை நாம் எடுத்துக்கொள்ள முடியும். கையில் பில் இருப்பது மட்டும் போதாது.

மாதாந்திரக் கணக்கு தாக்கல் செய்வோருக்கு நாட்கள் இப்படி: விற்றவர் தம் விற்பனை விவரத்தை 11ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். 14ஆம் தேதி நம் பட்டியல் வருகிறது. 20ஆம் தேதிக்குள் நாம் 3பி தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும். நடுவில் இருப்பது ஆறே நாள். அந்த ஆறு நாளில் நம் கொள்முதல் ஏட்டையும் 2பி பட்டியலையும் பில் பில்லாக ஒப்பிட வேண்டும். ஒரு மாதத்தில் பத்து மண்டியில் சரக்கு எடுப்பவருக்கு இது கண்ணைக் கெடுக்கும் வேலை. ஆகவே பலர் ஒப்பிடாமலே விடுகிறார்கள். 5 விழுக்காடு வரியுள்ள 80,000 ரூபாய் சரக்கு பில் ஒன்று பட்டியலில் வரவில்லை என்றால் 4,000 ரூபாய் நிற்கிறது. பருப்பிலும் சர்க்கரையிலும் நமக்குக் கிடைக்கும் விளிம்பு லாபத்தை அறிந்தவர்களுக்கு அந்த 4,000 ரூபாயின் கனம் தெரியும்.

எக்செல் தெரிந்தவர் இதை அரை மணியில் முடிப்பார். நம் ஏடு ஒரு தாளில், 2பி பட்டியல் மறு தாளில். விற்றவரின் ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் எண்ணையும் சேர்த்து ஒரு சாவியாக வைத்து, இரண்டிலும் உள்ளவற்றை விலக்கிவிட்டால், ஒன்றில் மட்டும் உள்ளவை மிஞ்சும். மிஞ்சியவற்றைத்தான் மனிதர் பார்க்க வேண்டும். சில பில் ‘045’ என்று ஒரு பக்கமும் ‘45’ என்று மறுபக்கமும் பதிந்ததால் மிஞ்சியிருக்கும். சில, விற்றவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவராக இருப்பதால் தாமதமாக வரும். சில உண்மையிலேயே விடுபட்டிருக்கும். அவரிடம் அன்றே தொலைபேசியில் பேசிவிட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு உள்ளீட்டு வரி கிடையாது. அவர்கள் நிலுவைச் சீட்டிலிருந்தோ இருப்புக் கணக்கிலிருந்தோ தொடங்கலாம்.

கணக்குப்பிள்ளை என்ன ஆவார்?

இயந்திரம் வந்தால் ஒரு ஆள் சம்பளம் மிச்சம் என்று கணக்குப் போடுபவர் நம்மிலும் உண்டு. அது தப்புக் கணக்கு. மேலே சொன்ன விதிகள் எல்லாம் இன்று எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் ஏட்டில் இல்லை, இருபது ஆண்டு நம்மோடு இருக்கும் கணக்குப்பிள்ளையின் தலையில் இருக்கின்றன. எந்த மண்டியில் சரக்கு தரமாக வரும், யார் பத்தாம் தேதிதான் பணம் கொடுப்பார், யார் வீட்டில் துக்கம், யாரை இந்த மாதம் நெருக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரை அனுப்பிவிட்டு இயந்திரம் வாங்குவது, சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டுப் பெட்டி வாங்குவது போல.

அவரும் அஞ்சுவார். தம் வேலையை எழுதிக் கொடுத்தால் தம் வேலையே போய்விடும் என்று நினைத்து, பாதியைச் சொல்லிப் பாதியை மறைப்பார். பல்கலைக்கழகம் ஆனாலும் பலசரக்குக் கடை ஆனாலும் இந்த அச்சம் ஒன்றுதான். ஆகவே முதல் நாளே, ‘உங்கள் வேலை போகாது, மிஞ்சும் நேரத்தில் பாக்கி வசூலையும் இந்த ஒப்பீட்டையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று முதலாளி வாய்திறந்து சொல்ல வேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும். வீட்டில் கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ இருந்தால் அவர்களைக் கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிள்ளைக்கு இயந்திரம் தெரியும், அவருக்கு வியாபாரம் தெரியும். இருவரும் சேர்ந்தால்தான் காரியம் ஆகும்.

பயிற்சி

உறுப்பினர்கள் இம்மாதம் தம் கடையில் செய்து பார்க்க வேண்டியவை:

அ. ஒரே செய்தியை இரண்டு இடங்களில் எழுதும் வேலைகள் எத்தனை? பட்டியல் போடுக.

ஆ. அவற்றில் அதிக நேரம் பிடிக்கும் ஒன்றைத் தேர்ந்து, அதன் விதியைக் கடைக்குப் புதிதாக வந்த சிப்பந்திக்கும் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதுக.

இ. அந்த விதியில் அடங்காத சந்தர்ப்பங்களைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டு, பக்கத்தின் கீழே குறிக்க.

ஈ. சென்ற மாத 2பி பட்டியலை எடுத்து, கொள்முதல் ஏட்டோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களின் வரித் தொகையைக் கூட்டுக.

நான்காவது பயிற்சியின் விடை சில கடைகளில் சுழியாக வரும். அவர்கள் பாராட்டுக்குரியவர்கள். மற்றவர்களுக்கு ஒரு தொகை வரும். அந்தத் தொகையை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கல்லாப்பெட்டியின் மூடியில் ஒட்டி வையுங்கள். அடுத்த மாதம் 14ஆம் தேதி காலை அது உங்களுக்கு நினைவூட்டும்.

கணக்கு தெளிக! வணிகம் வளர்க!